துண்டுக்குள் நாலு மணி நேரம்

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு வானத்தில் எவ்வளவு தூரம், போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பதை முன்பெல்லாம் யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்து டிக்கெட்டில் அடித்துக் கொடுத்தார்கள், கொத்தமல்லிக் கட்டுக்குக்கூட வாய் வலிக்கப் பேசுகிற எங்கள் ஜனம் இந்த ஒரு சங்கதியில் மட்டும் சொன்னதைச் சொன்னபடி ஒப்புக்கொண்டு, பெல்ட்டை மாட்டி, காதில் பஞ்சை அடைத்து, அந்த நாலு மணி நேரத்தையும் முழுசாக உட்கார்ந்து கொடுத்துவிட்டுத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அதை முதன்முதலில் குறைத்துக் கேட்டவன் நான்.

மணப்பாறை மாட்டுச் சந்தையில் செவந்திலிங்கம் என்று கேட்டால் காட்டுவார்கள். தரகுதான் தொழில். மாட்டின் வாயைப் பிளந்து பார்த்தால் அதன் வயது தெரியும், மனுஷனின் வாயைப் பேசவிட்டால் அவன் எந்த விலைக்கு இறங்குவான் என்று தெரியும், இரண்டையும் ஏமாந்து ஏமாந்தே கற்றுக்கொண்டேன். என் மகள் பூமயில் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் வாக்கப்பட்டு இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள், பிரசவம் பார்க்க என் வீட்டுக்காரி அங்கம்மாள் கிளம்பினாள். அவளுக்குச் சர்க்கரை. மாத்திரை ஒரு வேளை தவறினால் கண் இருட்டும், காலைக் கொஞ்ச நேரம் தொங்கப்போட்டால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். விமான நிலையத்தில் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு டிக்கெட்டை என்னிடம் நீட்டினாள்.

"எத்தனை மணிக்குக் கெளம்புதாம்?"

"பத்துக்கு."

"எறங்குறது?"

"சாயங்காலம் நாலரைக்கு."

விரலை மடக்கிப் பார்த்தாள். "ஆறரை மணி நேரமா? நாலுன்னுல்ல சொன்னீங்க. திரும்பி வர்றதுக்கு?"

பார்த்தேன். அங்கே காலையில் எட்டரைக்கு ஏறினால் இங்கே பத்துக்கு இறங்கிவிடலாம் என்று போட்டிருந்தது. ஒன்றரை மணி நேரம். அதே விமானம், அதே கடல், போகும்போது ஆறரை, வரும்போது ஒன்றரை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. எவனோ நடுவில் அமுக்குகிறான் என்று நேராகக் கவுண்டருக்குப் போனேன். அங்கே இருந்தவன் ஜெரால்டு, வையம்பட்டிக்காரன், அவன் அப்பா ஒரு ஜோடி காங்கேயம் காளையை என் கையால்தான் விற்றிருந்தார்.

"அண்ணே, ரெண்டுமே நாலு மணி நேரம்தான். அங்க கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது" என்றான்.

"எதுக்கு ஓடுது?"

"அங்க சூரியன் முன்னாடியே வந்துருதுண்ணே."

"சூரியன் வந்தா வந்துட்டுப் போகட்டும். என் பொண்டாட்டி காலு எந்தக் கடிகாரத்தப் பாத்து வீங்கும்? அதச் சொல்லு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள். "சரிண்ணே, உங்களுக்கு எவ்வளவு வேணும், நீங்களே சொல்லுங்க" என்று விளையாட்டுக்குக் கையை நீட்டினான். நீட்டிய கையை நான் சும்மா விட்டதில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கையையும் மூடினேன்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கை போகும், ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, விரலின் நடுக்கணுவைக் கிள்ளினால் அரை, கூடி நிற்கிறவனுக்கு இரண்டு முகம் தெரியும், விலை தெரியாது. நான் ஒரு விரலைப் பிடித்தேன். உள்ளேயிருந்த கை என் நாலு விரலைப் பிடித்தது. நான் மறுபடி ஒன்றையே பிடித்தேன். மூன்று என்றது. ஒன்றரை என்றேன். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்துவிட்டு இரண்டைப் பிடித்து அழுத்தியது. முடித்துக்கொண்டு துண்டை உதறினேன். அப்போதே ஒன்று உறுத்தியது. ஜெரால்டின் கை பகல் முழுக்க கம்ப்யூட்டர் தட்டுகிற கை, பஞ்சு மாதிரி இருக்க வேண்டும், துண்டுக்குள் நான் பிடித்ததோ தலைமுறை தலைமுறையாகக் கயிறு இழுத்த கை மாதிரி காய்ப்புக் காய்த்துச் சில்லென்றிருந்தது.

அங்கம்மாளை உள்ளே அனுப்பிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சாப்பாட்டுக் கடையில் இலை போட்டு உட்கார்ந்தேன், ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தபோது செல் அடித்தது.

"ஏங்க, எறங்கிட்டேன்."

"எங்க எறங்கிட்ட? திருச்சியிலயேவா?"

"கோலாலம்பூர்லதான். பூமயிலு இன்னும் வீட்ட விட்டே கெளம்பலையாம், நீ எப்படிம்மா அதுக்குள்ள வந்தேன்னு என்னையத் திட்டுது. காப்பி குடுத்தாங்க, ஆத்திக் குடிக்கிறதுக்குள்ள கப்பப் புடுங்கிட்டாங்க."

"காலு வீங்கிச்சா?"

"இல்லங்க. செருப்பு லூசாத்தான் இருக்கு."

சொன்னால் சொன்னபடி இரண்டு மணி நேரம். ஓட்டிப் போனவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏற்றினேன், கடல் வந்தது, கடல் போனது, இறக்கினேன் என்றார். டெல்லியிலிருந்து ஆட்கள் வந்து விமானத்தைத் தட்டிப் பார்த்தார்கள், கடலை அளந்து பார்த்தார்கள், கடல் அதே கடலாகத்தான் இருந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு, காரணம் எங்களுக்குத் தேவையில்லை, நாளைக்கும் வந்து பேசிக்கொடுக்க முடியுமா என்றார்கள். நாளைக்கும் போனேன். துண்டு போட்டுப் பேசினால் பேசிய நேரம், பேசாமல் கிளம்பினால் பழைய நாலு மணி நேரம், இவ்வளவுதான் விதி என்று ஊர் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டது.

பிறகு பார்க்க வேண்டுமே. அதுவரை துண்டு போடுவதையே அநாகரிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் சலவை செய்த துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார்கள், விமான நிலைய வாசலில் கம்மங்கூழ் வண்டி வந்தது, வறுகடலை வந்தது, வேலையில்லாத தரகர்கள் கண்ணபுரத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வந்து தூண் ஓரத்தில் குந்தினார்கள், ஏழரை மணிக்கே பயணிகள் என்னைச் சுற்றிக்கொண்டு ஆளுக்கொன்று கேட்டார்கள், முகூர்த்தப் புடவையை மடியில் வைத்திருந்த கல்யாணக்கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு முடித்துக்கொடுங்கள் என்றது, தேங்காய் பர்பியைக் கெடாமல் கொண்டுபோக நினைத்தவர்கள் அரை மணி என்றார்கள், முதல்முறையாக விமானம் ஏறுகிற ஒருவர் ஜன்னல் சீட்டுக்குக் காசு கட்டியிருக்கிறேன், ரொம்பக் குறைத்துவிடாதீர்கள் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எல்லாரும் போவது ஒரே விமானம், எனக்கிருப்பதோ ஒரே கை.

ஒருநாள் ஓட்டல் வேலைக்குப் போகிற ஒருத்தன் கடைசி ஆளாக வந்து நின்றான்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். கொறைக்காம விட்டிருங்க."

"ஏன்டா, உனக்குப் பறக்க ஆசையா?"

"அங்க எறங்குனா மொதலாளிக்கு ஆளு. இங்க இருந்தா கடங்காரனுக்கு ஆளு. நடுவுல அந்த நாலு மணி நேரம்தான் நான் யாருக்கும் ஆளில்லாம உக்காந்திருப்பேன். அதையும் நீங்க வித்துட்டீங்கன்னா எப்படி மாமா?"

கல்யாணக்கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும், போடா உள்ளே என்று விரட்டிவிட்டு ஒரு மணி நேரத்துக்கு முடித்தேன். அவன் துண்டையே பார்த்துக்கொண்டு போனான்.

திரும்பி வருகிற விமானங்கள் தாமதமாகத் தொடங்கியது எப்போது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. முதலில் எட்டு மணி நேரம் என்றார்கள், எதிர்க்காற்று என்றோம். அப்புறம் ஒரு பகல், அப்புறம் ஒரு பகலும் இரவும், அப்போதும் எதிர்க்காற்று என்றோம். ஆண்கள் தாடியோடு இறங்கினார்கள். பிறகு அது வாரக்கணக்காக நீண்டது, வருகிறவர்களும் பழகிக்கொண்டார்கள், கட்டுச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் அரிசி வேக வைக்கிற மின்சாரக் குக்கரும் இல்லாமல் எவரும் அங்கிருந்து ஏறுவதில்லை, நடக்கிற இடத்தில் கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள், வானத்திலேயே ஒரு நிச்சயதார்த்தம் நடந்து இறங்குவதற்குள் முறிந்தும் போனது, ஏறும்போது தவழ்ந்த குழந்தை இறங்கும்போது படியில் கைபிடித்து நடந்து வந்தது. எண்ணெய் எப்படித் தீராமல் இருக்கிறது என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கேட்டார். தூரம் கூடவில்லை, நேரம்தான் கூடியிருக்கிறது, எண்ணெய் தூரத்துக்குத்தானே என்று விமான நிலையத்தில் சொல்லி அனுப்பினார்கள், அவரும் அது சரிதான் என்று போய்விட்டார். வாசலில் காத்திருக்கிற சொந்தக்காரர்களுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். பந்தல் வந்துவிட்டால் எங்கள் ஊரில் எதுவும் வழக்கம்தான்.

ஜெரால்டு மட்டும் ஒருநாள் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணே, இங்க நீங்க கொறைக்கிறது அங்க ஏறுது."

"எங்க?"

"வர்ற பிளேன்ல. இங்க நீங்க முடிச்ச அன்னிக்கு வானத்துல எது வந்துக்கிட்டு இருக்கோ அதுமேல விழுது. நான் பாத்துக்கிட்டேதாண்ணே இருக்கேன்."

"காத்தடிச்சா அதுக்கும் செவந்திலிங்கம்தான் காரணமா?"

"காத்து இல்லண்ணே. இன்னொண்ணும் சொல்லணும். துண்டுக்குள்ள நான் உங்க விரலப் புடிச்சதே இல்ல. மொத நாள்லேருந்தே. என் கை சும்மாதான் கெடக்கும்."

"அப்ப எவன்டா புடிக்கிறான்?"

"அது உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான்.

நான் அவனைக் கண்டபடி பேசிவிட்டு வந்தேன். ஆனால் அன்று முழுக்க என் வலது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையில் விட்டுக்கொண்டு திரிந்தேன்.

பூமயிலுக்குப் பெண் பிறந்தது. அங்கம்மாள் குழந்தையைக் குளிப்பாட்டி, மகளுக்குப் பத்தியம் போட்டு, ஊர் திரும்ப டிக்கெட் எடுத்தாள். வருகிற வழி பத்து நாளாவது இழுக்கும் என்று சொல்லி அதற்குத் தகுந்த அரிசியும் கருவாடும் மாத்திரையும் கட்டிக்கொண்டு ஏறினாள். அவள் ஏறிய அதே நாள் காலையில், கண்ணபுரத்துத் தரகன் ராக்கியப்பன், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்.

"மணப்பாறைக்காரரு ஒரு மணி நேரத்துக்குக் கொறையவே மாட்டாரப்பா. வயசாயிருச்சு. விரல் நடுங்குதோ என்னமோ."

அவன் அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்தவன் சிரித்திருக்க வேண்டாம். நான் துண்டை எடுத்தேன். அந்தச் சில்லென்ற கை உள்ளே வந்தது, ஒரு விரலைப் பிடித்தது, நான் உதறினேன். பாதி விரல் என்றது, உதறினேன். நகத்தை மட்டும் தொட்டது. நான் என் கையை இறுக மூடி, எந்த விரலும் இல்லாத வெறும் முஷ்டியை அதன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம். சந்தையில் அப்படி எவனும் கேட்டதில்லை, கேட்டால் அடிக்க வருவார்கள். அது வரவில்லை. சரி என்று என் முஷ்டியைத் தட்டிக்கொடுத்தது.

அன்றைக்குப் போன விமானம் கதவைச் சாத்தியதும் கதவைத் திறந்தார்கள், வெளியே கோலாலம்பூர். பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் மாட்டாமலே எழுந்தார்கள், வழியனுப்ப வந்தவன் இங்கே இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தான், போனவன் அங்கிருந்து போன் போட்டு, போதும், கையை இறக்கு என்றான். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கூழ் வண்டி வரை போனார்கள். அங்கம்மாளின் விமானம் வானத்தில் இருக்கிறதென்பது எனக்குத் தெரியும். எதிர்க்காற்று என்றுதான் அப்போதும் நான் மனசில் வைத்திருந்தேன்.

பத்து நாளில் அது வரவில்லை. பதினைந்திலும் வரவில்லை. ஆனால் தினமும் உச்சி வெயில் நேரத்துக்கு மலைக்கோட்டைக்கு மேலே வெள்ளையாக ஒன்று வந்து, விமான நிலையத்தை ஒரு சுற்று சுற்றி, இறங்கப்போகிற மாதிரியே தாழ்ந்து, பிறகு யாரோ கயிற்றை இழுத்த மாதிரி தலையைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பிப் போகும். அது தாழ்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பந்தலில் இருக்கிற செல்லெல்லாம் ஒன்றாக அடிக்கும்.

"ஏங்க."

"சொல்லு புள்ள."

"நீங்க நிக்கிறது தெரியுது. வெயில்ல நிக்காதீங்க, பந்தலுக்குள்ள போங்க."

"சாப்பிட்டியா?"

"பொங்கித் தின்னுக்கிட்டுத்தான் இருக்கோம். இந்தப் பைலட் தம்பிக்கு ரசம்னா உசுரு. எறங்குற எடம் கண்ணுக்குத் தெரியுது, கைக்கு வரமாட்டேங்குதுன்னு அழுவுது. நான்தான் தேத்துறேன்."

"மாத்திரை இருக்கா?"

இரைச்சல்தான் கேட்டது. பிறகு, "ஒண்ண ரெண்டா உடைச்சுப் போட்டுக்கிறேன்" என்றாள். "ஏங்க, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாங்க ஏறுன அன்னிக்கு அங்க நீங்க எவ்வளவுக்கு முடிச்சீங்க?"

லைன் அறுந்தது.

அவள் பாதி மாத்திரையைக் கால் மாத்திரையாக்கினாள். நான் அதிகாரிகளிடம் கத்தினேன், அவர்கள் ஆகாயத்தைக் காட்டினார்கள். இதற்குள் ஊருக்கு அந்த விமானமும் பழகிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மலைக்கோட்டைக்கு மேலே அது வந்தால் மணி பன்னிரண்டு என்று கடைகளில் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள், ரேஷன் கடையில் மேலே இருக்கிறவர்களின் பெயருக்கு நேரே வானம் என்று போட்டு அரிசியை மட்டும் தவறாமல் கொடுத்தார்கள், மேலே புருஷன் இருக்கிறவள் செல் அடித்தால் அரிவாள்மணையை நகர்த்தாமலே பேசிவிட்டு மறுபடி வெண்டைக்காய் நறுக்கினாள், எப்ப வருவாங்க என்று கேட்டால் வந்துக்கிட்டுத்தானே இருக்காங்க என்றார்கள். கீழே இருப்பவனுக்கு எல்லாம் பழகும். கால் மாத்திரை பழகாது.

ஒருநாள் உச்சிவேளையில் அவள் குரல் குழறியது. என்னிடமே, பூமயிலா பேசுறது என்றாள். நான் செல்லை மடியில் கட்டிக்கொண்டு ஜெரால்டிடம் போனேன்.

"இங்க கொறைஞ்சா அங்க ஏறுதுன்னு சொன்னீல்ல. இங்க ஏத்துனா?"

அவன் என்னைப் பார்த்தான். "எறங்கலாம்ணே. ஆனா அவ்வளவு நேரத்தையும் தலையில ஏத்திக்கிட்டு எந்த பிளேன்ல எவன் போயி உக்காருவான்? எப்ப எறங்கும்னு யாருக்குத் தெரியும்?"

"ஓட்ட ஆளு இருக்கா?"

"மேல சுத்திக்கிட்டு இருக்கிற பைலட்டோட அண்ணன் இங்கதான் இருக்காரு, அவரும் பைலட்டுதான். கூட போறதுக்கு ரெண்டு பேரும் இருக்காங்க. தெனமும் கேக்கறாங்க, வழி இருந்தா சொல்லுன்னு."

"அப்ப உக்கார்றவன் நான்தான்."

பந்தலில் சொன்னேன். யாராவது வருவதென்றால் வரலாம் என்றேன். முதலில் ஒருவரும் எழவில்லை, பிறகு மேலே தம்பி இருக்கிற ஒருவர் எழுந்தார், பிறகு மகள் இருக்கிற ஒருத்தி வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள், இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். ராக்கியப்பனும் வந்து பக்கத்தில் நின்றான், எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது, அதற்குள் அவன் தன் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான். "உம்மது நெசவு விட்டுப்போச்சு, எல்லாம் வெளிய தெரியும்" என்றான். அவனுடையதையே வாங்கிக்கொண்டேன்.

கவுண்டரில் ஜெரால்டு கையை நீட்டினான். மூடினேன். அந்தக் கை வந்தது.

நான் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். அது நாலு என்றது. நான் மறுபடி ஐந்து, மறுபடி ஐந்து, மறுபடியும் மறுபடியும் ஐந்து என்று அழுத்திக்கொண்டே போனேன், மணி நேரமாகக் கேட்கிறேனா நாளாகக் கேட்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அது ஒவ்வொரு தடவையும் ஒரு விரலைக் குறைத்துக்கொண்டே வந்தது. இத்தனை காலம் என்னோடு பேசிப் பேசி அதற்கு அதுவே பழகிவிட்டதா, இல்லை, வயசானவன் பாவம் என்று பார்த்ததா, எனக்கு விளங்கவில்லை. குறைத்துக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம், கூட்டிக் கேட்பதற்கு என் விரல்களுக்கு வழி தெரியவில்லை, பழைய பழக்கத்தில் அது குறைத்ததைச் சரி என்று இரண்டு தடவை பிடித்தும்விட்டேன், பிடித்த கையை நானே உதறினேன். வியர்வையில் துண்டு நனைந்து கையோடு ஒட்டியது. சுற்றி நின்ற கூட்டத்துக்கு என் முகம் மட்டும் தெரிந்தது.

கடைசியில் அது என் சுண்டுவிரலைத் தனியாகப் பிரித்து எடுத்து மடக்கி வைத்தது. கொசுறு. இதை மட்டுமாவது விட்டுக்கொடுக்கிறேன், வைத்துக்கொள் என்றது. கொசுறு என்றால் கொத்தமல்லித் தழையைக்கூட நான் விட்டதில்லை. ஆனால் எனக்கு விடுகிற இந்த ஒரு விரலும் யார் தலையில் போய் விழும்? மடக்கிய விரலை நிமிர்த்தி அதன் கையில் திருப்பி வைத்தேன். "கொறைக்காத" என்றேன், துண்டுக்குள் கை இருக்கும்போது நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கை ஐந்து விரலையும் விரித்து, என் கைமேல் அப்படியே கிடந்தது. பிறகு அங்கே ஜெரால்டின் கைதான் இருந்தது, பஞ்சு மாதிரி, வெதுவெதுப்பாக.

"எவ்வளவுக்குண்ணே முடிஞ்சுது?" என்றான்.

"தெரியலடா" என்றேன்.

விலை தெரியாமல் நான் முடித்த ஒரே வியாபாரம் அது. ஏறினோம். பெரிய விமானத்தில் அங்கங்கே ஒன்பது பத்துத் தலைதான் தெரிந்தது. ஓடி, எழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது ஜன்னலில் பார்த்தேன், கீழே பந்தல் தெரிந்தது, மலைக்கோட்டை தெரிந்தது, அதற்கும் எங்களுக்கும் நடுவில் வெள்ளையாக ஒன்று, உச்சியில் கடலைப் பார்த்துப் போனது திரும்பி வந்து, தாழ்ந்து போய்க்கொண்டிருந்தது. தலையைத் தூக்கிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்ட இடத்தில் கொஞ்சம் புழுதி எழுந்தது. எங்கள் விமானத்துக்குள் ஒருவர் கையைத் தட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார்.

மேகத்துக்குள் நுழைவதற்குள் செல் அடித்தது.

"ஏங்க, எறங்கிட்டோம்." குரல் தெளிவாக இருந்தது. யாரோ தண்ணீர் கொடுக்கிற சத்தம், பந்தல் இரைச்சல். "ஜெரால்டு தம்பி மாத்திரையோட நின்னுச்சு, வாங்கிப் போட்டுட்டேன். நீங்க எங்க நிக்கிறீங்க? உங்களக் காணோமே."

"இப்பத்தான் கெளம்புனேன். பேத்தியப் பாத்துட்டு வந்துரலாம்னு."

"இப்ப போனதே, அதுலயா?"

"ஆமா."

"எவ்வளவு நேரமாம்?"

"நாலு மணி நேரம்னுதான் டிக்கெட்டுல போட்டிருக்கான்."

அவளுக்கு யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"கொறைச்சுக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"ஒண்ணுமே கேக்கல புள்ள."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இளநீருக்குக் குறைத்துக் கேட்டுச் சண்டை போட்டு, அவளைத் தாகத்தோடேயே ஊர்வரைக்கும் கூட்டிப் போனவன் நான். அவள் பக்கத்தில் யாரோ, யாரும்மா என்று கேட்க, வீட்டுக்காரருதான் என்றாள்.

"கட்டுச்சோறு எதுவும் எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"கூட வர்ற பொம்பளைங்க யாராச்சும் வச்சிருப்பாங்க. கூச்சப்படாம கேட்டு வாங்கித் தின்னுங்க" என்றாள், அதற்குள் மேகம் வந்து ஜன்னலை மூடிவிட்டது.